விசிலா, ஸ்டியரிங்கா?

பஸ் வேலைக்கு வரும் தம்பிகளா, மெஷின் வந்தால் முதலில் வீட்டுக்குப் போவது கண்டக்டரா டிரைவரா என்று கேட்கிறீர்கள். எடுத்த எடுப்பில் கண்டக்டர் என்றுதான் தோன்றும். நிதானமாகப் பார்ப்போம்.

1. வேலை மொத்தமாகப் போவதில்லை, துண்டு துண்டாகத்தான் போகும். கிழித்துக் கொடுத்த டிக்கெட் போய்க் கைமெஷின் வந்தது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் போனது, அதோடு சில்லறைத் தகராறும் குறைந்தது. 2018இல் வழியில் நிற்காத பஸ்கள் சில கண்டக்டர் இல்லாமலே ஓடின.

2. மெஷின் தொடாத துண்டைக் கெட்டியாகப் பிடியுங்கள். விடிகாலையில் நம் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வரும் மல்லிகை மூட்டையை எங்கே வைப்பது, லக்கேஜ் எவ்வளவு போடுவது, இறங்கும் பாட்டியின் இரண்டாவது காலும் தரையைத் தொட்டதா, அதற்குப் பிறகுதான் விசில். இதில் கெட்டிக்காரனை யாரும் லேசில் கழற்றிவிட மாட்டார்கள்.

3. டிரைவர் தம்பி, நீயும் அசந்துவிடாதே. 2013இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்காவின் 702 தொழில்களை எடைபோட்டார்கள். மெஷின் கைக்குப் போகும் வாய்ப்பு டாக்சி டிரைவருக்கு 89 சதவீதம், பஸ் டிரைவருக்கு 67 என்றார்கள். அங்கே ஃபீனிக்ஸ் நகரில் ஆளில்லா டாக்சி இன்று ஓடுகிறது.

4. வழி எவ்வளவு ஒழுங்கோ அவ்வளவு சீக்கிரம் மெஷின் வரும். தண்டவாளத்தில் ஓடும் டெல்லி மெட்ரோவுக்கு 2020 டிசம்பரிலேயே வந்துவிட்டது. கோரிப்பாளையத்தில் ஷேர் ஆட்டோ கை காட்டாது, இண்டிகேட்டர் போடாது. ஓட்டுகிறவர் தலை இடப்பக்கம் திரும்பினாலே, ஆளேற்ற நிற்கப்போகிறார் என்று நம் கால் பிரேக்குக்குப் போய்விடும். இந்தக் கண் இருக்கும்வரை டவுன் ரூட்டில் உனக்கு வேலை உண்டு. நாலுவழிச் சாலைக்கு அந்த உத்தரவாதம் தர மாட்டேன்.

5. இரண்டு லைசென்ஸும் எடுங்கள். 2025இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 பேருக்கு அறிவிப்பு விட்டபோது, பதவியின் பெயரே ‘ஓட்டுநருடன் நடத்துநர்’. இரண்டு நாற்காலி அங்கே ஒன்றாகிவிட்டது.

6. மெஷினை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், ஒப்பந்தத்தையும் பாருங்கள். 2025 ஜூனில் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பஸ்களில் கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்து ஊழியர், டிரைவர் ஒப்பந்தக் கம்பெனி ஆள். மெஷின் கணக்கில் பின்னால் நின்றவர், சம்பளக் கணக்கில் முதலில் வெளியே போய்விட்டார். ஆகையால் மதுரைக்கு எந்த வண்டி வந்தாலும், சேரும் முன் வேலை உத்தரவில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.