நிரூபிக்க வேண்டியது யார்?

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிட்டது. தோல் தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்றால், ‘நிரூபியுங்கள்’ என்கிறார்கள். விஞ்ஞானிகள் முடிவு சொல்லும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மீளமுடியாத கேடு வரும் என்ற அச்சம் இருந்தால், அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது; கேடு இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. 1992 ரியோ மாநாட்டுப் பிரகடனத்தின் 15ஆம் கோட்பாடும் இந்த முன்னெச்சரிக்கையைத்தான் பேசுகிறது. வழக்கு பாலாற்றங்கரையில் பிறந்தாலும், தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட ஆலைகளில் திண்டுக்கல் மாவட்டத்தினவும் உண்டு.

இந்தக் கோட்பாடு நம் ஊருக்கு மிகவும் தேவை. இங்கே அடியில் கடும்பாறை. தண்ணீர் வெடிப்புகள் வழியே ஓடுகிறது. தோலைப் பதப்படுத்தத் தடவிய உப்பு கழுவுநீரில் கரைந்து உள்ளே இறங்கினால், எந்த ஆலையின் உப்பு எந்தக் கிணற்றுக்குப் போனது என்று கோடு போட்டுக் காட்டுவது மிகக் கடினம். அந்தச் சுமையை விவசாயி தலையில் ஏற்றுவது அநியாயம். தோல் கழிவில் வரும் குரோமியத்தையாவது சுத்திகரிப்பில் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது.

முன்னெச்சரிக்கை என்றால் எல்லாவற்றையும் மூடுவது என்று பொருளில்லை, தொழிலாளர் பிழைப்பும் இருக்கிறதே. நீதிமன்றமும் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அந்த ஆண்டு நவம்பர் 30 வரை அவகாசம் தந்தது.

நீங்கள் மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரைப் பரிசோதித்து, தேதியிட்ட அறிக்கைகளுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.