அவன்தானே முதலில்

கோட்டுச்சேரிமேடு

அன்புள்ள மருமகனுக்கு,

தேர்ச்சக்கரத்தைத் தூக்கப் போராடிக்கொண்டிருந்த கர்ணன் மேல் அர்ஜுனன் அம்பு விட்டது சரிதானே மாமா என்று போனில் கேட்டாய். நான் "ஆமாம்" என்று சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையில் கேட்டது போல இருந்தது. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று போனில் நாலு வார்த்தையில் சொல்லவும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் நீ இங்கே வந்திருந்தாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டிலிருக்கும் நேரம் அதிகம், நம் வீட்டில் நாள் முழுக்க மகாபாரதம்தான். 2013-14இல் விஜய் டிவியில் அந்தத் தொடர் வந்தபோது நீ கைக்குழந்தை. இப்போது செல்போனில் ஒரே மூச்சாகப் பார்த்தாய். எங்கள் காலத்து மகாபாரதம் பி.ஆர்.சோப்ராவுடையது. 1988 முதல் 1990 வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் வரும். இந்தியில் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் கதை தெரியும். கர்ணன் விழுந்த அன்று உன் அம்மாச்சி வாய்விட்டு அழுதாள். அவள் அழுத காட்சிக்குத்தான் நீ கைதட்டினாய்.

அந்தக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பதினேழாம் நாள் போர். சக்கரம் மண்ணில் புதைகிறது. கர்ணன் இறங்கித் தூக்குகிறான். கொஞ்சம் பொறு, போர் தர்மத்தை நினைத்துப் பார் என்கிறான். பதில் சொல்வது அர்ஜுனன் இல்லை, கண்ணன். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்த அன்று இந்தத் தர்மம் எங்கே போயிருந்தது என்று கேட்கிறான். அரக்கு மாளிகையைக் கேட்கிறான். அபிமன்யுவைக் கேட்கிறான். கர்ணன் வெட்கித் தலை குனிகிறான். சக்கரத்தைத் தூக்க அவன் மறுபடி முயலும்போது அம்பு பாய்கிறது.

கண்ணன் கேட்டதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. சபையில் பாஞ்சாலியைக் கேவலமாகப் பேசியவன் கர்ணன். பதின்மூன்றாம் நாள் பதினாறு வயதுப் பையன் அபிமன்யுவைப் பலர் சூழ்ந்தபோது, அவன் வில்லை அறுத்தவனும் கர்ணன்தான். நம் ஊர்களில் இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1964இல் சிவாஜி நடித்து வந்த 'கர்ணன்' படம் நம் மனசில் அப்படிப் பதிந்துவிட்டது. சாகிற நேரத்தில் கண்ணன் அந்தணனாக வந்து புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறானே, அது வியாசர் எழுதியது இல்லை. வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து வந்த காட்சி. அவ்வளவு அழகான காட்சியை வைத்துக்கொண்டு கர்ணன் மேல் யாருக்குக் குற்றம் சொல்ல மனசு வரும்? ஆகையால் அவன் குற்றவாளி என்று நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் கர்ணன் குற்றவாளியா என்பது ஒரு கேள்வி. அவனை அந்த நிலையில் கொல்லலாமா என்பது வேறு கேள்வி. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன் வலையை அறுத்துவிட்டான், வலைக்காரன் அவன் மண்டையை உடைத்துவிட்டான் என்று வழக்கு வந்தால், பெரியவர்கள் இரண்டையும் தனித்தனியாகத்தான் பேசுவார்கள். வலைக்கு ஒரு தெண்டம், மண்டைக்கு ஒரு தெண்டம். "அவன்தானே முதலில்" என்று வலைக்காரன் எழுந்தால், "அதைத்தான் பேசியாச்சே, இப்போ உன் கதையைச் சொல்லு" என்பார்கள்.

அந்த "அவன்தானே முதலில்" உன் வாயிலிருந்தும் வந்தது. கரையில் கம்பும் நைலான் கயிறுமாக வில் கட்டிப் பாரதப் போர் நடத்தினீர்களே. பக்கத்து வீட்டுச் சின்னவன் கர்ணன். உடைந்த ஐஸ் பெட்டி மூடிதான் அவன் சக்கரம். குனிந்து அதைத் தூக்கும்போது முதுகில் ஓங்கி ஒரு அடி விட்டாய். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. கேட்டதற்கு, அவன்தான் முதலில் கண்ணில் மணலை வீசினான் என்றாய். வீசியது உண்மைதான், நானும் பார்த்தேன். ஆனால் நீ அடித்தபோது அவன் கையில் மணல் இல்லை, இரண்டு கையும் மூடியைப் பிடித்திருந்தன. முகம்கூட உன் பக்கம் இல்லை.

இதை உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. அந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பாரதமே காட்டுகிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். துரியோதனன் தொடையில் அடிபட்டு விழுந்த அன்று இரவு அசுவத்தாமன் ஒரு ஆலமரத்தடியில் தூக்கம் வராமல் கிடக்கிறான். கிளையில் காகங்கள் உறங்குகின்றன. ஓர் ஆந்தை சத்தமில்லாமல் வந்து ஒவ்வொன்றாகக் கொல்கிறது. அதைப் பார்த்துத்தான் தூங்குகிற எதிரிகளைக் கொல்லும் யோசனை அவனுக்கு வருகிறது. தூங்குகிறவர்களைக் கொல்வது பாவம், விடியட்டும் என்று மாமன் கிருபர் தடுக்கிறார். அசுவத்தாமன் என்ன சொல்கிறான் தெரியுமா? தர்மத்தை முதலில் உடைத்தவர்கள் பாண்டவர்கள்தானே என்கிறான். ஆயுதத்தைக் கீழே வைத்த என் அப்பா துரோணரைக் கொன்றார்கள், சக்கரத்தைத் தூக்கிய கர்ணனைக் கொன்றார்கள் என்று கணக்குச் சொல்கிறான். அந்தக் கணக்கிலும் ஒன்றுகூடப் பொய்யில்லை. பிறகு எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த பாசறைக்குள் போய்ப் பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றுவிடுகிறான். கர்ணன் சாகும்போது உனக்கு நியாயமாகப் பட்ட அதே வாதம்தான் அங்கே பேசுகிறது. பேசுகிற ஆள்தான் வேறு.

இன்னொன்றைக் கவனி. அர்ஜுனனே இப்படிப்பட்ட கொலைகளை எல்லாம் ஏற்றுக்கொண்டவன் இல்லை. பதினைந்தாம் நாள் துரோணரை வீழ்த்தத் தருமர் ஒரு பொய் சொன்னார். அதுவரை தரையில் படாமல் ஓடிய அவர் தேர் அந்த நொடியில் மண்ணைத் தொட்டது. துரோணர் வில்லைப் போட்டுவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்தார். திருஷ்டத்யும்னன் வாளோடு ஓடியபோது, கொல்லாதே, உயிரோடு கொண்டுவா என்று கத்தியவன் அர்ஜுனன். பிறகு அண்ணனிடமே நேருக்கு நேர், நாம் செய்தது அதர்மம் என்றான். நீ அர்ஜுனனின் ரசிகன் என்றால் இந்த அர்ஜுனனுக்கும் ரசிகனாக இருக்க வேண்டும். கடைசியில் அந்த ஒரு பொய்க்காகத் தருமர் நரகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொர்க்கம் போகிறார். வென்றவன் நல்லவன் என்பதற்காகக் கதை அவன் செய்ததைத் தள்ளுபடி செய்யவில்லை.

பின்னே நமக்கு ஏன் கைதட்டத் தோன்றுகிறது? இதற்கு ஒரு சோதனை சொல்கிறேன், செய்து பார். அந்தக் காட்சியைச் சத்தமே இல்லாமல் ஓட விடு. உடுக்கையும் சங்கும் கோரஸும் இல்லாமல் பார்த்தால், குனிந்து நிற்கிற ஒருவன், அவனைக் குறிவைக்கிற இன்னொருவன், அவ்வளவுதான் திரையில் இருக்கும். நான் பார்த்தேன், எனக்குத் தொண்டை அடைத்தது. எந்தச் சாவுக்கு அழ வேண்டும், எதற்குக் கைதட்ட வேண்டும் என்பதைப் பாதிக்கு மேல் இசைதான் நமக்காக முடிவு செய்கிறது. கடோத்கசனையும் நினைத்துப் பார். அவனும் அபிமன்யுவைப் போலப் பாண்டவர் வீட்டுப் பிள்ளைதான், பீமன் பெற்ற மகன். பதினான்காம் நாள் இரவு, கர்ணன் அர்ஜுனனுக்காக வைத்திருந்த சக்தி ஆயுதத்துக்கு அவன் பலியானபோது, அர்ஜுனன் பிழைத்தான் என்று கண்ணன் மகிழ்ந்து ஆடுகிறான். அபிமன்யுவுக்கு அழுத நீ கடோத்கசனுக்கு அழுதாயா? அரக்கி மகன், பெரிய உடம்பு, கோரைப் பல் என்று வேஷம் போட்டுவிட்டால் சாவுகூடச் சின்னதாகிவிடுகிறது. இந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

கண்ணன் சொல்லிச் செய்தது தப்பாகுமா, சாமியைக் குறை சொல்கிறாயா என்று உன் அம்மாச்சி என்னைக் கேட்பாள். நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் போர் முடிந்த களத்தில் நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த காந்தாரி, நீ நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமே என்று கண்ணனையே கேட்டாள், உன் குலமும் இப்படியே அழியும் என்று சபித்தாள். அவன் அதை ஏற்றுக்கொண்டான். 36 ஆண்டு கழித்து அப்படியே நடந்தது. சாமியே நின்று பதில் சொன்ன கேள்வியை நாம் கேட்பதில் பாவம் ஒன்றுமில்லை. கூத்து நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். திரௌபதி அம்மன் கோவில் படுகளத்தில் மண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். பாஞ்சாலி கூந்தல் முடிக்கிற அந்த வெற்றி நேரத்தில் அவனுக்கு ஒப்பாரியும் உண்டு.

அர்ஜுனனை உனக்குப் பிடிக்கும். பிடிக்கட்டும், எனக்கும் பிடிக்கும். பிடித்தவன் செய்தான் என்பதற்காகச் செய்ததைச் சரி என்று மட்டும் சொல்லாதே. வெற்றிச் சங்கு ஊதியதும் தொடரை நிறுத்திவிட்டதாக உன் அம்மா சொன்னாள். அதற்குப் பிறகுதான் குந்தி வாய் திறக்கிறாள், கர்ணன் உங்கள் மூத்த அண்ணன் என்கிறாள். அந்தப் பகுதிகளையும் பார். பார்த்துவிட்டு, அர்ஜுனன் செய்தது சரியா என்று நீயே முடிவு செய்து எனக்கு எழுது. போனில் வேண்டாம், கடிதமாக எழுது.

சின்னவனுக்கு முதுகில் காயம் ஆறிவிட்டது. அவனுக்கும் தனியாக நாலு வரி எழுதிப் போடு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
மாமா