மரவள்ளிக்குப் பக்கத்தில் ஆலை: விவசாயி அறிய வேண்டிய பாயிண்ட் கணக்கு

மரவள்ளிக் கிழங்கை நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களிலேயே கிழங்கின் உள்ளே கருநீலக் கோடுகள் விழுந்து, மாவு கெடத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட கிழங்கு சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் பணப்பயிராக நிலைத்திருப்பதற்குக் காரணம், காலையில் பிடுங்கியதை மாலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் தூரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதுதான். இவை பெரிய கம்பெனிகளின் தொழிற்சாலைகள் அல்ல. பெரும்பாலும் ஒரு குடும்பமோ, சில பங்குதாரர்களோ சேர்ந்து நடத்தும் சிறு ஆலைகள்.

அசல் ஜவ்வரிசி மரவள்ளியிலிருந்து வந்ததே அல்ல. மலேயா, ஜாவா பக்கத்தில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவில் செய்யப்பட்டது அது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்து கப்பலில் சரக்கு வருவது நின்றுபோயிற்று. அந்தத் தட்டுப்பாட்டில்தான், 1943 வாக்கில், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் இத்தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சியில் இறங்கினார்கள். கையால் அரைத்து, துணியில் கட்டிக் குலுக்கி உருட்டிய குடிசைத் தொழில், பிறகு ஆலைத் தொழிலாக வளர்ந்தது.

ஆலைக்குள் நடப்பது

கிழங்கைக் கழுவித் தோல் உரித்து அரைக்கிறார்கள். அரைத்ததைச் சல்லடையில் விட்டு, மாவுப்பாலைத் தொட்டியில் தெளிய வைக்கிறார்கள். அடியில் படிந்த ஈர மாவைக் குலுக்கிக் குருணையாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் உலர்த்தினால் ஜவ்வரிசி. ஏறக்குறைய நாலைந்து டன் கிழங்குக்கு ஒரு டன் ஜவ்வரிசி கிடைக்கும். சல்லடையில் மிஞ்சும் திப்பியும் வீணாவதில்லை. காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள்.

இந்த வேலை எல்லாமே கிழங்கு விளைகிற வட்டாரத்துக்குள் நடப்பதைக் கவனிக்க வேண்டும். கிழங்கு வெட்டும் கூலி, லாரி வாடகை, ஆலையில் பெண்கள் பெறும் கூலி, களத்தில் உலர்த்துகிறவர்களின் சம்பளம், மோட்டார் பழுது பார்க்கும் பட்டறைக்காரரின் வருமானம் என்று பணம் அக்கம்பக்கத்து ஊர்களிலேயே சுற்றுகிறது. கிழங்கை அப்படியே வெளியூருக்கு அனுப்ப முடிந்திருந்தால் வெட்டுக் கூலியும் ஏற்றுக் கூலியும் மட்டுமே ஊரில் தங்கியிருக்கும்.

விற்பனைக்கு ஒரு சங்கம்

நம் ஊரில் ஜவ்வரிசியை எப்போதாவது பாயசத்துக்கும் வடாமுக்கும் வாங்குவதோடு சரி. பெரும் பங்கு மகாராஷ்டிரம், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களுக்குப் போகிறது. வடக்கே விரத நாட்களில் தானியத்தை ஒதுக்கி இதைச் சாப்பிடும் வழக்கம் உண்டு. அவ்வளவு தூரத்துச் சந்தையைச் சிறு ஆலைக்காரர் தனியாக எட்டிப்பிடிப்பது கடினம். கைமுதல் குறைந்தவர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டால், மறுவாரம் கிழங்குக்கு அவரால் நல்ல விலை தர முடியாது. இதை மாற்றவே 1981-ல் சேலத்தில் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் பதிவு செய்யப்பட்டது. ஆலைகள் சரக்கைச் சங்கத்தின் கிடங்கில் வைக்கின்றன. அதன்பேரில் முன்பணம் கிடைக்கிறது. வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை போடுகிறார்கள். அந்த டெண்டர் விலை ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் கிழங்கு விலையும் அசைகிறது. ஆகவே கிழங்கு விற்கிற விவசாயியும் அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

பாயிண்ட் என்றால் என்ன?

விவசாயிக்கும் ஆலைக்கும் இடையே அதிகம் மனத்தாங்கல் வருவது இந்த இடத்தில்தான். கிழங்குக்கு எடையோடு மாவுச்சத்தையும் பார்த்தே விலை தருகிறார்கள். 28 பாயிண்ட் கிழங்கு என்றால் நூறு கிலோவில் ஏறக்குறைய 28 கிலோ மாவுச்சத்து என்று ஆலை எடுத்துக்கொள்கிறது. கணக்குக்காக, டன்னுக்குப் பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்டுக்கு டன் 8,400 ரூபாய். அதையே 26 என்று குறித்தால் 7,800 ரூபாய். ஏக்கருக்கு 12 டன் வெட்டியவருக்கு இந்த இரண்டு பாயிண்டில் 7,200 ரூபாய் போய்விடும்.

அளக்கும் முறையில் மர்மம் ஏதுமில்லை. மாவுச்சத்து தண்ணீரைவிடக் கனமானது. மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள் முக்கி நிறுத்தாலும் கூடுதல் எடை காட்டும். வெளியே 5 கிலோ நின்ற கிழங்கு தண்ணீருக்குள் சுமார் அரை கிலோ அளவுக்குத்தான் நிற்கும். அந்த அரை கிலோவில் சில கிராம் கூடுவதும் குறைவதுமே பாயிண்டைத் தீர்மானிக்கிறது. மண் ஒட்டிய கிழங்கோ, கூடை தொட்டியின் பக்கத்தில் இடிப்பதோ அளவைப் புரட்டிவிடும். எனவே கிழங்கைக் கழுவி, கூடை முழுதும் தண்ணீரில் மூழ்கி, எதிலும் படாமல் தொங்கும்படி நிறுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். மாதிரி எடுப்பதும் லாரியின் மேல்புறத்திலிருந்து மட்டும் இருக்கக்கூடாது.

வெட்டுவதற்கு முன் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிராம் கணக்கில் காட்டும் தொங்கல் தராசும், கம்பிக்கூடையும், ஒரு டிரம் தண்ணீரும் போதும். கூடையை மட்டும் தண்ணீருக்குள் நிறுத்து, அந்த எடையைக் கழித்துவிட வேண்டும். இரண்டு வயல்களில் எது முதலில் வெட்டத் தயார் என்பதை இதிலேயே தெரிந்துகொள்ளலாம். தரகர் மூலம் வயலோடு மொத்தமாக விலை பேசுகிறவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

இரு பக்கமும் பாதிக்கும் காரியங்கள்

ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்ற புகார் பல ஆண்டுகளாக உண்டு. அதிகாரிகள் சோதனை நடத்தி நடவடிக்கையும் எடுத்திருக்கிறார்கள். கலப்படம் நடந்தால் கிழங்கின் தேவை குறைந்து விலை விழும். நேர்மையாகத் தொழில் செய்கிற ஆலையும் போட்டியில் நிற்க முடியாது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பதில் விவசாயிக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

கழிவுநீர் இன்னொன்று. சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் நாற்றம் மட்டுமல்ல, பக்கத்துக் கிணறுகளும் கெடும். அந்தக் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுத்து, ஆலையின் எரிபொருள் செலவைக் குறைத்துக்கொண்ட ஆலைகள் இருக்கின்றன. மற்றவர்கள் சாக்குச் சொல்ல இடமில்லை.

வயலில் கேடு வந்தால் ஆலைக்கும் கிழங்கு இராது. 2020-ல் நம் நாட்டில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி இந்த மாவட்டங்களில் அதைக் காட்டிவிட்டது. அதை அடக்க வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அனாகைரஸ் லோபேசி என்ற ஒட்டுண்ணிக் குளவி 2022-ல் விவசாயிகளின் வயல்களுக்காக வெளியிடப்பட்டது. குளவி விட்ட வயலில் கண்டபடி மருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும். நுனிக்குருத்து சுருண்டு கொத்தாகத் தெரிந்தால் அந்தப் பகுதியைக் கிள்ளி அழித்துவிட்டு, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுச் செய்ய வேண்டும். விதைக்குச்சியைப் பூச்சி இல்லாத வயலிலிருந்தே எடுக்க வேண்டும்.

அறுவடை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வறட்சிக்குப் பின் மழை பெய்து செடி புதிதாகத் துளிர்க்கும்போது, கிழங்கில் சேர்ந்த மாவு துளிருக்குச் செலவாகிப் பாயிண்ட் இறங்கிவிடும். வானம் இருட்டிக்கொண்டு வரும்போது முற்றிய வயல் கைவசம் இருந்தால், ஆலையில் இடம் உண்டா என்று முதல் நாளே கேட்டு, லாரியை உறுதி செய்துகொண்டு, மழைக்கு முன் வெட்டிவிடுவது மேல். ஆலை வாசலில் லாரி வரிசையில் இரண்டு நாள் நின்றாலும் நஷ்டம் கிழங்குக்காரருக்குத்தான்.