கப்பல் ஏறும் அம்முணிக்கு

சென்னிமலை

அன்புள்ள அம்முணிக்கு,

அத்தை எழுதுகிறேன். கல்யாண நாளுக்கு நீயும் மாப்பிள்ளையும் மாலத்தீவுக் கடலில், பத்துப் பன்னிரண்டு அறை மட்டுமே இருக்கும் ஒரு சொகுசுக் கப்பலில் ஒரு வாரம் சுற்றி வரத் திட்டம் போட்டிருப்பதை அண்ணி போனில் சொன்னாங்க. அந்தப் பணத்தில் தோட்டத்தில் இன்னொரு போர் ஓட்டிப் பார்க்கலாமே என்று உங்கய்யன் வருத்தப்பட்டதையும் சொன்னாங்க. அவர் மேல் கோபப்படாதே. ஆயுசு முழுக்கத் தண்ணிக்கு அலைந்த மனுசர் அப்படித்தான் கணக்குப் போடுவார்.

நான் உன் பக்கம். இரண்டு பேரும் சம்பாதிக்கிறீர்கள், கடன் வாங்கிப் போகவில்லை, குழந்தை குட்டி என்று ஆவதற்கு முன்னால் உலகத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நீ எனக்கு அனுப்பிய விளம்பரத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். மெத்தை, மேல்தளத்து நீச்சல் தொட்டி, நிலா வெளிச்சத்தில் மணல் திட்டில் விருந்து எல்லாம் இருக்கிறது. அந்தக் கப்பலிலிருந்து கடலுக்குள் என்ன போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சின்னக் கப்பலைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. வேறு கடல்தான், ஆனாலும் பார்: கலாபகசுத் தீவுகளில் ஈக்வடார் அரசு ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. கரை இறங்கினால் 16 பேருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம், அவர் காட்டும் தடத்தை விட்டு யாரும் விலகக் கூடாது. அங்கே கடல் சிங்கமும் உடும்பும் இன்னும் மனிதனைக் கண்டு ஓடாமல் கிடக்கின்றன. நீ கொடுக்கும் பெரிய தொகை எதற்கு என்று என்னைக் கேட்டால் இதற்குத்தான் என்பேன். கூட வருகிறவர்கள் கொஞ்சம் பேர், அந்தக் கடலை அறிந்த ஒருத்தர் பக்கத்தில் நீந்தி வருவார், அவசரம் இல்லை. வழிகாட்டி யார், கடலுயிர் படித்தவரா, ஒருத்தருக்கு எத்தனை பேர் என்று கேள். அதற்கு மழுப்பினால் மெத்தை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அந்தக் கப்பல் வேண்டாம்.

ஆனால் கப்பல் சின்னது என்பதாலேயே கெடுதலும் சின்னதாக இருக்கும் என்று நினைத்துவிடாதே. நம் ஊர்க்காரிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிந்தபோது நொய்யல் ஆற்றுப் பாசனத்துக்கு விடிந்தது என்று ஊரே சந்தோசப்பட்டது. சில வருசத்திலேயே அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயத்தண்ணி. உங்க அப்பாரு வெட்டிய கிணற்றிலும் அதுதான் ஊறியது. வாய்க்கால் ஓரமெல்லாம் உப்புப் பூத்தது. தென்னை மட்டை பழுத்துத் தொங்கியது. தொட்டியில் வாய் வைத்த எருமை தலையைத் திருப்பிக்கொண்டது. அப்போது நீ கைக்குழந்தை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்ட பிறகுதான், கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பது நிஜமாக நடக்கத் தொடங்கியது. பட்டறை வைத்தவர்களும் நம் சனம்தான் அம்முணி. ஆற்றைக் கொல்ல வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. நம்முடையது சின்னப் பட்டறைதானே, ஒரு குழாய்தானே என்று ஒவ்வொருத்தரும் நினைத்தார்கள்.

மாலத்தீவில் இப்படித் தங்கிச் சுற்றும் சஃபாரி படகுகள் மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சின்னதுதான். சுத்திகரிக்காத கழிப்பறைக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம் என்று சர்வதேச விதி இருக்கிறது. ஆனால் அது நாடு விட்டு நாடு போகும் கப்பல்களுக்கான விதி. ஒரே நாட்டின் தீவுகளுக்குள் சுற்றும் படகுக்கு அந்த நாட்டுச் சட்டமும் படகுக்காரரின் மனசாட்சியும்தான் காவல். அதனால் பணம் கட்டும் முன் நேராகக் கேள்: கழிவைத் தொட்டியில் தேக்கி வைக்கிறீர்களா, சுத்திகரிக்கிறீர்களா, எங்கே விடுகிறீர்கள்? அதோடு இன்னொன்றும் கேள். நிற்கும் இடத்தில் மிதவையில் கயிறு கட்டுகிறார்களா, பவளத்தின் மேலேயே நங்கூரத்தை இறக்குகிறார்களா? காற்று திரும்பும்போதெல்லாம் நங்கூரச் சங்கிலி கடலடியை வட்டமாக அரைத்துக்கொண்டு போகும். பல பவளங்கள் வருசத்துக்கு விரல் கனம்கூட வளர்வதில்லை.

தண்ணீர் விசயத்தில் நீ இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பவளத் தீவில் ஆறு கிடையாது. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணிக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கும். தீவுச் சனங்களின் கிணறு அதுதான். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். மாமாவும் நானும் கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி கப்பலில் லட்சத்தீவு போனபோது, சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கவரத்தித் தீவில் 2005-ல் அமைத்த ஆலையைப் பற்றி மாமாதான் எனக்குச் சொன்னார். மேல்மட்டக் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆழத்து நீர் குளிர்ந்து கிடக்கும். காற்றழுத்தத்தைக் குறைத்து மேல்நீரை ஆவியாக்கி, ஆழத்து நீரால் அதைக் குளிரவைத்துத் தினமும் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை அது. மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் 2014 டிசம்பரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தீப்பிடித்தபோது, ஊரே குடிக்கத் தண்ணி இல்லாமல் நின்றது. நம் நாட்டு விமானங்களும் கடற்படைக் கப்பல்களும் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தன. உன் கப்பலும் கடல்நீரைத்தான் சுத்தம் பண்ணித் தரும், அதற்கு டீசல் எரியும். சிறுவாணித் தண்ணி குழாயில் வருகிற கோயம்புத்தூரில் இருக்கிறாய் என்பதை அந்த ஒரு வாரம் மறந்துவிடு. துண்டை தினமும் துவைக்கப் போடாதே.

எப்போது போவது என்று இன்னும் முடிவாகவில்லை என்றாய். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் அடிக்கிற காற்று, பல்லடம் உடுமலையில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே தென்மேற்குக் காற்று, அந்தத் தீவுகளைத் தாண்டித்தான் இங்கே வருகிறது. இங்கே அது குளிர்ச்சி, அங்கே கொந்தளிப்பு. லட்சத்தீவில் அந்தப் பருவத்தில் கப்பல் சுற்றுலாவையே நிறுத்திவிடுவார்கள். மாலத்தீவில் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். வயிறு குமட்டும் என்று மாப்பிள்ளை பயந்தால் அப்போதே போங்கள். ஆனால் மாண்டா என்கிற பெரிய திருக்கைகள் பா அட்டோலில் இருக்கும் ஹனிஃபரு விரிகுடாவில் கூடுவது தென்மேற்குப் பருவத்தில்தான். காற்றும் நீரோட்டமும் கடலில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிர்களை அந்தச் சின்ன விரிகுடாவுக்குள் ஒதுக்கித் தள்ள, அவை வாயைத் திறந்தபடி வட்டமிட்டுத் தின்னும். அந்த அட்டோலை 2011-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அங்கே காற்றுக் குப்பி கட்டிக்கொண்டு மூழ்கத் தடை, மேலே மிதந்து பார்க்கலாம். உன் இடத்தில் நான் இருந்தால் மழையைப் பொறுத்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பேன்.

கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு இறங்குவதுதான் புதியவர்கள் தடுமாறும் இடம். படகு எழும்பும், தாழும். அது மேலே எழும்பி வரும்போது காலை எடுத்து வை. தாழும்போது அவசரப்படாதே. உதவிக்கு நிற்கும் பையன் உன் முன்கையைப் பிடிப்பான், நீயும் அவன் முன்கையையே பிடி. விரலைப் பிடித்தால் வழுக்கிவிடும். கவரத்தியில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா கையில் பையை விடாமல் இறங்கப் பார்த்தார். அந்தப் பையன் சிரித்தபடியே பையை முதலில் வாங்கிப் படகுக்குள் போட்டுவிட்டு, பிறகு அவரைத் தூக்காத குறையாக இறக்கினான். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.

தண்ணிக்குள் எதையும் தொடாதே, எதன் மேலும் நிற்காதே. கல் மாதிரி தெரிவது உயிர். 1998-லும் 2016-லும் 2024-லும் கடல் சூடேறி அந்தப் பக்கத்துப் பவளம் பெருமளவு வெளுத்தது. தன் உடம்புக்குள் இருந்து சோறு போடும் பாசியைச் சூடு தாங்காமல் அது துப்பிவிடுகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் செத்துவிடும். நோயில் கிடக்கிற வீட்டுக்குள் போகிறோம் என்ற நினைப்போடு போ. வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் சில பவளத்துக்கு ஆகாது. பலாவ் நாடு 2020-லேயே அவற்றைத் தடை பண்ணிவிட்டது. களிம்புக்குப் பதில் முழுக்கை வைத்த நீச்சல் உடுப்பு வாங்கிக்கொள். சங்கு, பவளத் துண்டு எதுவும் வீட்டுக்கு வேண்டாம். நம் நாட்டில் பவளப்பாறைத் துண்டு வைத்திருந்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சனங்கள் வாழும் தீவில் இறங்கினால் தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போ. கப்பலில் நடப்பது கப்பலோடு. அங்கே வீட்டில் செய்த மாசிக் கருவாடு விற்றால் பேரம் பேசாமல் வாங்கு. நீ செலவழிக்கும் பணத்தில் தீவுக்காரர் கைக்கு நேராகப் போவது அநேகமாக அது மட்டும்தான்.

கடைசியாக, நீச்சல். நீ உங்க அப்பச்சி ஊர்க் கிணற்றில் சுரைப்புருடை கட்டிப் பழகியவள், உன்னைப் பற்றிக் கவலை இல்லை. மாப்பிள்ளை டவுனில் வளர்ந்தவர். பயணத்துக்கு முன்னால் இரண்டு மாதமாவது ஒரு நல்ல பயிற்சியாளரிடம் போகச் சொல். மூக்கை அடைத்து, வாயால் குழாய் வழியே மூச்சு விடுவது முதலில் திணறும். அதைக் கோயம்புத்தூரிலேயே பழகிவிட்டுப் போகட்டும்.

கழிவு, நங்கூரம், வழிகாட்டி பற்றிக் கப்பல்காரர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று முன்பணம் கட்டுவதற்கு முன் எனக்கு எழுது. சரியாகப் பட்டால் கட்டு. வெள்ளிக்கிழமை நான் உங்கய்யனைப் பார்க்கப் போகிறேன். அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை