பால் வேண்டாம் என்கிறாள் மகள்

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். கேட்டால், மாடுகளால் பூமி சூடாகிறது என்கிறாள். நாங்கள் பரம்பரையாகவே சைவம். இதையும் விட்டால் உடம்பு என்னாகும்?
- வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் மகள் விவரம் தெரிந்துதான் பேசுகிறாள், அம்மா. மனிதர்களால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களில் சுமார் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருவதாக ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. மாட்டின் வயிற்றில் தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் மீத்தேன், பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. அதனால் அவளோடு வாதாட வேண்டாம். தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. காலையில் கேழ்வரகு தோசை, மாலையில் எள்ளுருண்டை கொடுங்கள். புரதத்துக்குப் பருப்பும் சுண்டலும் நிலக்கடலையும் தினமும் வேண்டும்.

வைட்டமின் பி12 விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தாவர உணவில் அது போதிய அளவு கிடைக்காது. குறைந்தால் ரத்தசோகை வரும், நரம்புகள் பாதிக்கப்படும். டாக்டரிடம் அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்து, அவர் சொல்லும் மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். உலகத்துக்காகக் கவலைப்படும் பிள்ளை, ஆரோக்கியமாகவும் இருக்க வேண்டும்.