குறிப்பை எழுதிய பின் கருவியைக் கொடுங்கள்

கடையின் முகநூல் பதிவுகளைத் திருத்தும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒப்படைக்க விரும்பும் வியாபாரிகளுக்கு நான் வலியுறுத்துவது ஒன்றே. திருத்தும் கருவியை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்பதை முகவர் அதனுடன் இணைத்த விளக்கக் குறிப்பைப் படித்தே தீர்மானிக்கிறது. "பதிவைத் திருத்தும்" என்று மட்டும் இருந்தால், எழுத்துப்பிழையோடு விலையையும் மாற்றிவிடக்கூடும். முகநூலின் திருத்த வரலாற்றில் பழைய விலையை வாடிக்கையாளர் பார்க்கலாம், நாணயம் கெடும்.

ஆகவே குறிப்பில் இவை இருக்கட்டும்:

1. எந்தப் பதிவு, எந்தப் பகுதி.
2. தொடக்கூடாதவை: விலை, தவணை, உத்தரவாதம்.
3. முகநூல் பக்கத்தில் ஒரு செயலி, தான் இட்ட பதிவையே திருத்தலாம். இல்லாவிடில் நிறுத்திவிட்டு அறிவிக்க வேண்டும்.

குறிப்பு பூட்டு ஆகாது. முதலாளி சம்மதித்த பின்னரே திருத்தம் வெளியாகும்படி கருவியையே அமைக்கச் சொல்லுங்கள்.