நூற்றேழு ஆண்டுக் காத்திருப்பு

மானிடவியல் நூல்கள் பல, தாம் விவரிக்கும் மக்களாலேயே படிக்க இயலாத மொழியில் அமைந்துள்ளன. ஜெர்மனியில் பிறந்த பிரான்ஸ் போவாஸ் 1886இல் கனடாவின் மேற்குக் கடற்கரைக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த தொல்குடியினரின் கதைகளைச் சினூக் என்னும் வணிகக் கலப்புமொழியின் துணையுடன் கேட்டு எழுதினார். பின்னும் பலமுறை சென்று திரட்டியவற்றையும் சேர்த்து 1895இல் பெர்லினில் ஜெர்மன் நூலாக வெளியிட்டார். கதை சொன்னோரின் வழித்தோன்றல்களோ ஆங்கிலம் கற்று வளர்ந்தனர். தம் முன்னோரின் வாய்மொழி அச்சில் இருந்தும் அவர்களுக்கு அது பூட்டிய பேழையாகவே இருந்தது.

இத்தகைய நூலை ஆங்கிலமாக்க ஜெர்மன் மொழிப்புலமை மட்டும் போதாது. 'கெஷ்லெக்ட்' என்னும் ஜெர்மன் சொல் ஆண், பெண் என்னும் பாலையும் குறிக்கும், குலத்தையும் குறிக்கும். உறவுமுறையை விளக்கும் தொடரில் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், ஒரு சமுதாயத்தின் அமைப்பே திரிந்துவிடும். 'கைஸ்ட்' என்பது மனமா, ஆவியா? அகராதி இரண்டையும் தரும், தேர்ந்து தராது. அம்மக்களின் நம்பிக்கைகளை அறிந்தவரே அதனைத் தேர இயலும்.

போவாஸின் நூலை டீட்ரிக் பெர்ட்ஸ் மொழிபெயர்த்தார். அப்பகுதித் தொல்குடியினரிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த ராண்டி பௌச்சார்ட், டோரதி கென்னடி ஆகிய இருவரும் அதனைப் பதிப்பித்து, விளக்கக் குறிப்புகளும் எழுதினர். மொழியறிவும் களஅறிவும் இவ்வாறு கைகோத்த அந்நூல் 2002இல் வெளிவந்தது. போவாஸ் தம் தலைப்பில் கதைகளைச் சுட்ட ஆண்ட சொல் 'சாகன்' என்னும் ஒன்றே. ஆங்கிலத் தலைப்பிலோ 'தொன்மங்களும் பழங்கதைகளும்' என்னும் பொருள்பட இரு சொற்கள் நிற்கின்றன. அக்கதைகளுள் சிலவற்றைத் தம் குலவரலாறாகவே போற்றிவந்தவர்க்கு இவ்விரண்டில் எது பொருந்தும் என்பது எண்ணத்தக்கது.